திரையில் தோன்றி மறையும் புள்ளிகளா நாம்?



கடந்த மாதம் இரத்மலானையில் நடந்த எமது மாதாந்தச் சந்திப்பில், தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில் ஓர் அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவரது மகன் கணனிக் கல்வி பயில்கின்றான். முதல்நாள் இரவு கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "அம்மா, நாங்கள் இருக்கிற இந்த உலகமே ஒரு பெரிய கம்பியூட்டருக்குள்ள ஓடுற விளையாட்டாம். படிச்ச ஆக்களே சொல்லுகினம்" என்றானாம்.

"மிஸ், நீங்கள் கம்பஸிலை படிச்சனீங்கள். இது உண்மையே?" என்றார் அக்கா.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "அப்பிடியெண்டா விளையாடுறவருக்கு விளையாடவே தெரியேல்லை" என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு. ஆனால் கேள்வி கேட்டவர் சிரிக்கவில்லை. "அப்ப இவ்வளவு காலமும் நான் அழுதது பொய்யோ?" என்றார். அவருக்குப் பக்கத்தில், 2009 இல் காணாமல் போன கணவரை இன்றும் தேடிக்கொண்டிருக்கும் இன்னோர் அக்கா இருந்தார். அவர் மெதுவாக, "பொய்யெண்டா நல்லதுதானே. விளையாட்டு முடியேக்கை எல்லாரும் எழும்பி வருவினம்" என்றார்.

அதற்குப் பிறகு எவரும் சிரிக்கவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. "எங்கட புத்தகத்திலை எழுதுறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாக்கைத்தான் இம்முறை நிறைவேற்றுகின்றேன்.

அந்தக் கருத்து என்ன?

முதலில் தம்பி சொன்னது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு புயல் எந்தப் பக்கம் போகும் என்பதை அறிய, காற்று, வெப்பம், கடல் நீர் பற்றிய கணக்குகளைக் கணனிக்குள் கொடுத்து, அதற்குள்ளேயே ஒரு புயலை ஓடவிட்டுப் பார்க்கின்றார்கள். உண்மையில் நடப்பது போலவே கணனிக்குள் நடத்திப் பார்க்கும் இந்த முறையைப் பாவனையாக்கம் என்பார்கள். பிள்ளைகள் விளையாடும் கணனி விளையாட்டுகளும் ஒருவகையில் இதுவே. 1972 இல் வெளிவந்த 'பொங்' என்ற விளையாட்டில் திரையில் இரண்டு கோடுகளும், அவற்றுக்கிடையே ஓடும் ஒரு புள்ளியும் மாத்திரமே இருந்தன. இன்றைய விளையாட்டுகளிலோ மழை பெய்கின்றது, மரம் அசைகின்றது, மனிதர் முகத்தில் வியர்வை கூடத் தெரிகின்றது.

இந்த வளர்ச்சி இப்படியே தொடர்ந்தால் எங்கே போய் நிற்கும்? இக்கேள்வியை எடுத்துக்கொண்டு தத்துவவியலாளர் நிக் பொஸ்ட்ரம், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 2003 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எதிர்கால மனிதர்கள் தமது மூதாதையரின் வாழ்க்கையை, அவர்களது மனங்கள் உட்பட, கணனிக்குள் அப்படியே நடத்திப் பார்க்கும் வல்லமை பெறலாம் அல்லவா என்று அவர் கேட்டார்.

அவரது வாதத்தை எமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு விளக்குகின்றேன். உங்கள் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி ஒன்றும், அதன் போட்டோப் பிரதிகள் ஆயிரமும் ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் கையில் வருவது எது? பெரும்பாலும் பிரதிதான். அதுபோல, அசல் உலகம் ஒன்றும் கணனிக்குள் நடத்தப்படும் உலகங்கள் ஏராளமும் இருக்குமானால், நாம் அசலில் இருப்பதை விடப் பிரதியில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது அவரது கணக்கு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் கணனிக்குள் இருக்கின்றோம் என்று பொஸ்ட்ரம் அடித்துச் சொல்லவில்லை. மூன்றில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும் என்றே சொன்னார். ஒன்று, அந்த வல்லமையை அடையும் முன்பே அநேகமாக எல்லா மனித சமூகங்களும் அழிந்துவிடும். இரண்டு, வல்லமையை அடைந்தாலும் அநேகமாக எவரும் அப்படி ஓர் உலகத்தை நடத்த விரும்பமாட்டார்கள். மூன்று, நாம் அநேகமாக அத்தகைய ஓர் உலகத்தில் வாழ்ந்துகொண்டிருக்கின்றோம். 1999 இல் வந்த 'மேட்ரிக்ஸ்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றாவது மாத்திரம் பிடித்துக்கொண்டது. 2016 இல் பெருஞ்செல்வந்தர் ஈலோன் மஸ்க், நாம் அசல் உலகில் இருப்பதற்கான வாய்ப்பு நூறு கோடிகளில் ஒன்று என்ற விதமாகப் பேசியதும் இக்கதை இன்னும் பரவிற்று. மற்ற இரண்டும் மறக்கப்பட்டுவிட்டன.

ஆதாரம் உண்டா?

இல்லை என்பதே நேர்மையான பதில். 2012 இல் மூன்று பௌதிகவியலாளர்கள் இதைச் சோதிக்க ஒரு வழியை முன்வைத்தார்கள். குறுக்குத் தையலால் துணியில் பூப் போடும் சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பூவின் இதழ் வளைவாகத் தெரியும். கிட்டச் சென்று பார்த்தால் எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள். அதுபோல, உலகம் கணனியின் கட்டங்களில் ஓடுகின்றது என்றால், விண்வெளியிலிருந்து வரும் மிகச் சக்திவாய்ந்த கதிர்களில் அந்தக் கட்டங்களின் அடையாளம் தெரியக்கூடும் என்றார்கள். அப்படியான அடையாளம் எதுவும் இதுவரை உறுதி செய்யப்படவில்லை.

மறுபக்கத்தில், இது இலகுவான காரியமும் அல்ல. ஒன்றோடொன்று பிணைந்த வெறும் 300 நுண்துணிக்கைகளின் நிலையைச் சாதாரண கணனியில் முழுமையாக எழுதிவைப்பதற்கே, நாம் காணக்கூடிய பிரபஞ்சத்திலுள்ள அணுக்களை விட அதிகமான எண்கள் தேவைப்படும். ஒரு துளி கண்ணீரில் உள்ள துணிக்கைகளோ எண்ணிலடங்காதவை.

ஆகவே தம்பி கேட்டது விஞ்ஞானிகள் கண்டுபிடித்த உண்மை அல்ல. அறிவுள்ளவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி.

அழுகை பொய்யாகுமா?

இப்போது முதலாவது அக்காவின் கேள்விக்கு வருகின்றேன். உலகம் கணனிக்குள் இருந்தால் எமது அழுகை பொய்யா?

இதில் தத்துவவியலாளர்கள் இரண்டு பக்கமாக நிற்கின்றார்கள். அமெரிக்கரான ஜோன் சேர்ல் ஒரு பக்கம். கணனிக்குள் புயலை ஓடவிட்டால் அது எவரையும் நனைக்காது, அதுபோலவே கணனிக்குள் ஒரு மூளையை ஓடவிட்டாலும் அது எதையும் உணராது என்பது அவரது வாதத்தின் சாரம். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது வன்னியில் தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நனைந்தவர்கள் எம்மிடையே இருக்கின்றீர்கள். கணக்கிலே வரும் மழைக்கும் முதுகிலே விழும் மழைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். சேர்ல் சொல்வது சரியானால், கணனிக்குள் இருப்பவருக்கு வலிக்காது. எமக்கு வலிக்கின்றது. ஆகவே நாம் கணனிக்குள் இல்லை.

மறுபக்கம் பொஸ்ட்ரம். கணனிக்குள் ஓடும் மனமும் எம்மைப் போலவே உண்மையாக உணரும் என்ற நம்பிக்கையின் மீதுதான் அவரது வாதம் முழுவதும் கட்டப்பட்டிருக்கின்றது. அந்தத் தூணை எடுத்துவிட்டால் வாதமே விழுந்துவிடும். ஆகவே அவர் சொல்வது சரியென்று வைத்துக்கொண்டாலும், உள்ளே இருப்பவரின் பசி பசிதான், வலி வலிதான், பிள்ளையை இழந்த தாயின் துயரம் துயரம்தான்.

எந்தப் பக்கம் போனாலும் முடிவு ஒன்றே. அழுதது பொய்யல்ல அக்கா. டேவிட் சாமர்ஸ் என்ற தத்துவவியலாளரும் 2022 இல் எழுதிய நூலில், நாம் இத்தகைய உலகில் இருந்தாலும் எம்மைச் சுற்றியுள்ளவை உண்மையானவையே என்று வாதிடுகின்றார். மூலப்பிரதியோ போட்டோப் பிரதியோ, அதில் எழுதியிருக்கும் பெயர் உங்கள் பிள்ளையின் பெயர்தான்.

இன்னொன்றும் உண்டு. மூன்றில் இரண்டாவதை நினைத்துப் பாருங்கள். வல்லமை இருந்தும் எவரும் அப்படி ஓர் உலகத்தை நடத்த விரும்பாமல் இருக்கலாம். அதற்கு ஒரு காரணமாகப் பொஸ்ட்ரமே சொல்வது, உள்ளே இருப்பவர்களுக்கு உண்டாகும் துன்பத்தை நினைத்து அதைத் தவறென்று தடுத்திருக்கலாம் என்பதாகும். எத்தனை பெரிய கணனி இருந்தாலும், பிறரின் வலியை விளையாட்டாக்கக்கூடாது என்ற நீதியும் கூடவே வரவேண்டும்.

அயலில் வாழ்ந்த கற்பனையாளர்

இந்த விடயம் எங்கேயோ வெளிநாட்டில் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இரத்மலானையிலிருந்து காலி வீதியால் மொறட்டுவைப் பக்கம் போனால் கட்டுபெத்த சந்தி வரும். அங்கேதான் ஆர்தர் சி. கிளார்க் பெயரிலான நவீன தொழில்நுட்ப நிறுவனம் இருக்கின்றது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகள் பலரும் அந்தப் பெயரைக் கண்டிருப்பார்கள். இங்கிலாந்தில் பிறந்த இந்த எழுத்தாளர் 1956 இல் இலங்கையில் குடியேறியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் நெடுங்காலம் இருந்தவர்.

அதே 1956 ஆம் ஆண்டில் அவர் 'நகரமும் நட்சத்திரங்களும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். அதில் வரும் நகரத்தில் மனிதர்கள் ஒரு பெருங்கணனியின் நினைவகத்தில் பதிந்து வைக்கப்படுகின்றார்கள். நெடுங்காலம் கழித்து மீண்டும் உடலோடு வெளியே அனுப்பப்படுகின்றார்கள். இளையோர் கற்பனை உலகங்களுக்குள் புகுந்து உண்மை போலவே சாகச விளையாட்டு ஆடுகின்றார்கள். பொஸ்ட்ரமின் கட்டுரைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டது இது.

இப்படியெல்லாம் கற்பனை செய்தவர், இந்த நாட்டின் போரை மட்டும் விளையாட்டாகப் பார்க்கவில்லை. தமது 90 ஆவது பிறந்தநாளையொட்டி 2007 டிசம்பரில் அவர் மூன்று ஆசைகளை வெளியிட்டார். வேற்றுலக உயிர்கள் பற்றிய சான்று கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. மனிதர் எண்ணெயை நம்பியிருப்பதிலிருந்து விடுபட வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும் என்பது. 2008 மார்ச்சில் அவர் காலமானார். போர் முடிந்ததையும் அது முடிந்த விதத்தையும் அவர் காணவில்லை.

புள்ளியும் மனிதரும்

இரண்டாவது அக்காவின் பேச்சுத்தான் எனக்குக் கடினமானது. "எல்லாரும் எழும்பி வருவினம்" என்றாரே, அது.

எமது இரத்மலானை விமான நிலையத்தை நினைத்துக்கொள்கின்றேன். 1983 யூலையில் வீடுவாசல் இழந்த ஆயிரக்கணக்கான தமிழர் தங்கியிருந்த இடம் அது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் போய்வரும் விமானங்களும் அங்கிருந்துதான் புறப்பட்டன. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் வந்து சேரவில்லை. பணியாளர் உட்பட 55 பேர் அதில் இருந்தார்கள், பெரும்பாலானோர் தமிழர். ராடார் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிந்த விமானம் மறைந்துவிட்டது. அது சுட்டு வீழ்த்தப்பட்டதாகவே கருதப்படுகின்றது. 2012 இலேதான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 14 வருடங்கள்.

திரைக்கு அது ஒரு புள்ளி. காத்திருந்தவர்களுக்கோ, மத்தியானம் சமைத்து மூடிவைத்த சோறு, வாசலில் கேட்கும் ஒவ்வொரு வாகனச் சத்தம். கணனி விளையாட்டில் புள்ளி மறைந்தால் மறுபடி தொடங்கலாம். வாழ்க்கையில் மறைந்தவரைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கின்றது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதும் "எங்கே?" என்ற ஒரே கேள்விதான். கனவில் கண்ட ஒருவரைப் பற்றி எவரும் வீதியில் இருந்து அப்படிக் கேட்பதில்லை. இருந்தவர் என்பதால்தான் கேட்கின்றோம்.

வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் போலின் பொஸ், இத்தகைய துயரத்துக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். ஆள் கண்முன் இல்லை, மனதிலோ முழுமையாக இருக்கின்றார். இறந்தவர் என்று சடங்கு செய்யவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. இப்படி இருக்கையில், "இதெல்லாம் ஒரு கனவாக இருக்கக்கூடாதா" என்று மனம் ஏங்குவது பலவீனமும் அல்ல, பைத்தியமும் அல்ல. அந்த அக்காவிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் ஆசையில் பிழையில்லை. ஆனால் அவர் வருவதற்காக உலகம் பொய்யாக இருக்கத் தேவையில்லை. அவர் வராவிட்டாலும், அவர் உங்களோடு வாழ்ந்தது பொய்யாகாது.

நிலையாமை வேறு, பொய் வேறு

செத்த வீட்டிலும் அந்தியேட்டியிலும் "எல்லாம் மாயை, மறந்துவிடு பிள்ளை" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆறுதலுக்காகவே சொல்கின்றார்கள். ஆனால் எமது சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தின்படி இறைவன், உயிர், பாசம் மூன்றுமே உள்ள பொருள்கள். உலகம் வெறும் தோற்றமல்ல. அங்கே மாயை என்பது பொய் என்ற பொருளில் வருவதில்லை. குடத்துக்கு மண் போல, உலகம் உண்டாவதற்கான மூலப்பொருளே மாயை. கயிற்றைப் பாம்பென்று காண்பது போல உலகைக் காண்கிறோம் என்பது சங்கரரின் அத்துவித மரபு. அந்த மரபு கூட, ஞானம் வரும்வரை அன்றாட வாழ்வில் இதனை மெய்யாகவே கொள்ளச் சொல்கின்றது.

திருக்குறளில் 'நிலையாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. நிலைக்காது என்பது வேறு, இல்லை என்பது வேறு. பூ வாடிவிடும் என்பதால் அது பூக்கவில்லை என்று ஆகாது. பௌத்தம் பேசும் அநித்தியமும் இதையொட்டியதே. கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்கச் சகோதரிகளுக்கும் உலகம் கடவுளின் நல்ல படைப்பு, மாயத்தோற்றமல்ல.

சமூகவியல் படித்த எனக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் தெரிகின்றது. "எல்லாம் மாயை" என்பது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகின்றது? காணியைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, பிள்ளையைக் கேட்பவளைப் பார்த்து. காணியை வைத்திருப்பவரிடம் எவரும் "அது மாயைதானே, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வதில்லை. நீங்களாகத் தேடிக்கொண்ட ஆறுதலானால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயை மூட மற்றவர் தரும் ஆறுதலானால் யோசியுங்கள்.

உலகமே பொய் போலத் தோன்றும்போது

முடிக்கும் முன் ஒரு பயனுள்ள விடயம். பெரும் அதிர்ச்சியை அனுபவித்தவர்களுக்குச் சில வேளைகளில் சுற்றியுள்ள எல்லாமே உண்மையற்றது போல, கண்ணாடிக்கு அப்பால் நடப்பது போல, படம் பார்ப்பது போலத் தோன்றுவதுண்டு. பயப்படாதீர்கள். அது தாங்கமுடியாத நேரத்தில் மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் ஒரு வழி.

அந்த நேரத்தில் இரு பாதங்களையும் நிலத்தில் நன்றாக ஊன்றுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். தொடக்கூடிய நான்கைத் தொடுங்கள். கேட்கும் மூன்று ஒலிகளைக் கவனியுங்கள். இரண்டு மணங்கள், ஒரு சுவை. ஒரு தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இந்த உணர்வு அடிக்கடி வந்தால் அல்லது நாட்கணக்கில் நீடித்தால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தம்பியையும் ஏசவேண்டாம் அக்கா. இப்படிக் கேள்வி கேட்கும் பிள்ளைதான் நாளை ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடிக்கும். அவன் அடுத்த தடவை "உலகம் கம்பியூட்டர் விளையாட்டு" என்றால், "இருக்கட்டும் மகன். உள்ளுக்கை இருக்கிறவைக்கு நோகுமோ நோகாதோ?" என்று கேளுங்கள். நோகும் என்றால் அவன் என்ன செய்யவேண்டும் என்று அடுத்ததாகக் கேளுங்கள். அந்தப் பதில் அசல் உலகத்துக்கும் ஒன்றுதான், பிரதி உலகத்துக்கும் ஒன்றுதான்.

அடுத்த சந்திப்புக்கு இருவரும் கட்டாயம் வாருங்கள். தேநீரோடு மிகுதியைப் பேசுவோம். மற்றச் சகோதரிகளும் உங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.